கேமுக்குத் தெரியும் கார்டு பாயிங்குக்குத் தெரியவில்லை

கேள்வி: ஜூன் 4, இரவு 9.10

லினக்ஸில் பாயிங்க் (சும்மா கிடக்கும் வீட்டுக் கணினியை அறிவியல் கணக்குகளுக்குக் கொடுக்கும் மென்பொருள்) நிறுவி, அதன் வழியாக நடக்கும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற வானியல் திட்டத்தில் சேர்ந்தேன். சிபியு வேலைகள் ஓடுகின்றன. கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒன்றுமே வரவில்லை. பாயிங்கின் லாகில் 'நோ யூசபிள் ஜிபியூஸ் ஃபவுண்ட்' என்று ஒரே வரி, அதாவது பயன்படுத்தக்கூடிய ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) எதுவும் இல்லையாம். கார்டு என்விடியா. டிரைவரும் அவர்களுடையதுதான். 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளை கார்டின் பெயர், வெப்பம் எல்லாம் காட்டுகிறது. கேம் அருமையாக ஓடுகிறது. ஆக கார்டிலும் பழுதில்லை, டிரைவரிலும் பழுதில்லை. பாயிங்கை லினக்ஸுக்கு ஒழுங்காக எழுதவில்லை என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கவும்.

பதில் சொன்னவர் (கீழே பெயரில்லாத பதிவுகளும் இவருடையவையே): ஜூன் 4, இரவு 10.40

மறுக்கிறேன்.

கேம் ஓடுவது எதற்கும் சாட்சி இல்லை. கேம், படம் வரைவதற்கான வல்கன் அல்லது ஓப்பன்ஜிஎல் வழியாகக் கார்டிடம் பேசும். பாயிங்க் தேடுவது கார்டில் கணக்குப் போடுவதற்கான 'கூடா'வையும் (CUDA, என்விடியாவுடையது) ஓப்பன்சிஎல்லையும் (பல நிறுவனக் கார்டுகளுக்கும் பொதுவானது). ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் திறந்திருக்கிறது என்பதற்காகப் பின்வாசலும் திறந்திருக்க வேண்டியதில்லை. 'என்விடியா-எஸ்எம்ஐ' தட்டுவது மூன்றாவது வாசல். அது கர்னலில் (லினக்ஸின் உட்கருவில்) டிரைவர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும்.

அடுத்தது, பாயிங்க் நீங்கள் இல்லை. உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் தொகுப்பிலிருந்து நிறுவினால் அது 'பாயிங்க்' என்ற தனிப் பயனரின் பெயரில், சிஸ்டம்டி (பின்னணி நிரல்களை எழுப்பி நடத்துவது) சர்வீஸாக ஓடும். உங்கள் பயனருக்கு இருக்கும் உரிமை எதுவும் அதற்குக் கிடையாது. நீங்கள் டெர்மினலில் சோதித்துவிட்டு "எனக்குத் தெரிகிறதே" என்று சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை நீங்கள் போட்டுப் பார்த்த கதைதான்.

செய்ய வேண்டியவை:

பாயிங்க் பயனரை 'வீடியோ', 'ரெண்டர்' இரண்டு குழுக்களிலும் சேருங்கள். ஓப்பன்சிஎல்லுக்கு எந்தக் கார்டு தெரிகிறது என்று காட்டும் 'சிஎல்இன்ஃபோ' நிரலை நிறுவி, 'சூடோ' கட்டளையோடு பாயிங்க் பயனரின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள், அந்தப் பயனராகவே நின்று கேட்பது போல. அதில் கார்டு வந்தால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கட்டாயம். பாயிங்க் கார்டைத் தேடுவது எழுந்தவுடன் ஒரே ஒரு தடவைதான். அப்போது இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட் வரை இல்லை.

கேள்வி கேட்டவர்: ஜூன் 5, காலை 7.20

வந்துவிட்டது! குழுவில் சேர்த்தேன், சிஎல்இன்ஃபோ கார்டைக் காட்டியது, ரீஸ்டார்ட் செய்தேன், முதல் ஜிபியு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. என் முடிவைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

ஜூன் 5, காலை 8.05

பாதி போதும்.

ஓடும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஜிபியு வேலை என்று பெயர் இருந்தாலும் ஒரு சிபியு கோரையும் சேர்த்தே விழுங்கும். என்விடியா கார்டில் ஓப்பன்சிஎல் வேலை ஓடும்போது, கார்டு முடித்துவிட்டதா முடித்துவிட்டதா என்று சிபியு ஓயாமல் கேட்டுக்கொண்டே நிற்கும். எல்லாக் கோரையும் சிபியு வேலைக்கே கொடுத்துவிட்டால், கேட்க ஆளில்லாமல் கார்டு பாதி நேரம் சும்மா கிடக்கும். ஒரு கோரைக் காலியாக விடுங்கள். கார்டின் பயன்பாடு தொண்ணூறுக்கு மேல் நின்றால் சரி.

கேள்வி கேட்டவர்: ஜூன் 6, இரவு 8.50

முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதாவது என் பழைய முடிவுக்கே திரும்புகிறேன். கணினியை அணைத்துப் போட்டேன், கார்டு மறுபடி காணவில்லை. அதே வரி. குழுவில் பயனர் இருக்கிறார், பார்த்துவிட்டேன்.

ஜூன் 6, இரவு 9.30

நேரப் பிரச்சினை. பந்தயம் கட்டலாம்.

கணினி எழும்போது எல்லாம் ஒரே சமயத்தில் முண்டியடித்துக்கொண்டு எழுகிறது. டிரைவர் கர்னலில் உட்காருவதற்குள் பாயிங்க் எழுந்து, தேடிப் பார்த்து, இல்லை என்று எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. என் கணினியிலும் இப்படித்தான் இருந்தது. சர்வீஸுக்கு ஒரு ஓவர்ரைடு கோப்பு (மூல அமைப்பின் மேல் நம் மாற்றங்களை மட்டும் எழுதும் கோப்பு) போட்டு, தொடங்கும் முன் முப்பது வினாடி தூங்கு என்று எழுதினேன். மூன்று வருடமாகத் தொந்தரவில்லை.

ஓவர்ரைடு போட 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளை. மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அடித்துக்கொண்டு போய்விடும்.

ஜூன் 6, இரவு 9.42

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. லாக் கோப்பின் கடைசி வரிகளை யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முதல் முப்பது வரி வேண்டும், அதாவது பாயிங்க் எழுந்த நேரத்து வரிகள். அங்கேதான் 'கூடா', 'ஓப்பன்சிஎல்' என்று தொடங்கும் வரிகள் இருக்கும், அல்லது இல்லாமல் இருக்கும். கூடா வரி இருந்து ஓப்பன்சிஎல் வரி மட்டும் இல்லையென்றால் டிரைவர் வந்திருக்கிறது, ஓப்பன்சிஎல் நூலகத் தொகுப்பு வரவில்லை என்று பொருள். இரண்டுமே இல்லையென்றால் கதை வேறு. இன்னும் விவரம் வேண்டுமானால் பாயிங்கின் அமைப்புக் கோப்பான 'சிசி_கான்ஃபிக்'கில் 'கோப்ராக்_டீபக்' கொடியை 1 என்று வையுங்கள்.

மற்றொருவர்: ஜூன் 7, காலை 11.00

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஏஎம்டி கார்டு. மேலே சொன்னது எனக்கும் பொருந்துமா?

ஜூன் 7, பகல் 12.15

குழு விஷயம் உங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஏஎம்டியில் 'டெவ்' கோப்பகத்தின் (சாதனங்களுக்கான கோப்புகள் இருக்கும் இடம்) கீழே 'டிஆர்ஐ' உள்ளே இருக்கும் 'ரெண்டர்டி128' என்ற கோப்பைத் திறக்க உரிமை வேண்டும்; ராக்எம் (கார்டில் கணக்குப் போட ஏஎம்டி தரும் தொகுப்பு) பயன்படுத்தினால் 'கேஎஃப்டி' கோப்பையும் திறக்க வேண்டும். 'ரெண்டர்' குழுவில் இல்லாத பயனருக்குப் பல விநியோகங்களில் இரண்டுமே பூட்டு.

ராக்எம் வேண்டாம் என்றால் மெசாவோடு (லினக்ஸின் திறந்தமூல கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) வரும் ரஸ்டிசிஎல் என்ற ஓப்பன்சிஎல் இருக்கிறது. 2022 இறுதியில் மெசா 22.3 பதிப்பில் வந்தது. அதைச் சூழல் மாறி வைத்து எழுப்ப வேண்டும்: 'ரஸ்டிசிஎல்_எனேபிள்' என்பதற்கு 'ரேடியான்எஸ்ஐ' என்ற மதிப்பு. இதை உங்கள் ஷெல் கோப்பில் எழுதிப் பயனில்லை, சர்வீஸின் ஓவர்ரைடில் எழுத வேண்டும். ஏன் என்று நான்காம் தேதியே சொல்லிவிட்டேன்: பாயிங்க் நீங்கள் இல்லை.

இரண்டையும் ஒரே சமயத்தில் நிறுவினால் ஒரே கார்டை இரண்டு ஓப்பன்சிஎல் தளங்கள் உரிமை கொண்டாடும். ஒன்று போதும்.

கேள்வி கேட்டவர்: ஜூன் 7, இரவு 10.20

முப்பது வினாடி வைத்தேன், இல்லை. அறுபது வைத்தேன், இல்லை. எண்பது வினாடி வைத்தேன், அப்போதும் இல்லை. ஆனால் விசித்திரம் ஒன்று. இன்று சாயங்காலம் வெறுமனே சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன், வந்துவிட்டது. காலையில் அதையே செய்தபோது வரவில்லை. முதல் வரிகளைப் பார்த்தேன். வராதபோது கூடா வரியும் இல்லை, ஓப்பன்சிஎல் வரியும் இல்லை.

ஜூன் 7, இரவு 11.05

எண்பது வினாடியா. பந்தயத்தில் நான் தோற்றேன்.

காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவே கணினியில் என்னென்ன திறந்தீர்கள்? எல்லாவற்றையும் சொல்லுங்கள், சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைப்பதையும் சேர்த்து.

கேள்வி கேட்டவர்: ஜூன் 7, இரவு 11.15

உலாவி. ஒரு கேம், அரை மணி நேரம். அப்புறம் வீடியோ எடிட் செய்யும் மென்பொருள்.

ஜூன் 8, விடியற்காலை 1.30

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீடியோ எடிட்டர் கூடா பயன்படுத்தும். கேம் பயன்படுத்தாது. இங்கேதான் இருக்கிறது முடிச்சு.

என்விடியா டிரைவர் ஒரே மாட்யூல் (கர்னலில் ஏற்றும் துண்டு) இல்லை. கார்டுக்கான அடிப்படை மாட்யூல் ஒன்று, திரைக்கு ஒன்று, 'யுவிஎம்' என்று நினைவகத்தைக் கையாள ஒன்று. டெவ் கோப்பகத்தில் 'என்விடியா0', 'என்விடியாசிடிஎல்' என்ற கோப்புகள் இருந்தாலே என்விடியா-எஸ்எம்ஐ திருப்தியடையும். கேமுக்கும் யுவிஎம் தேவையில்லை. கூடாவும் ஓப்பன்சிஎல்லும்தான் 'என்விடியா-யுவிஎம்' என்ற கோப்பைக் கேட்கும். அது இல்லையென்றால் முதல் அடியிலேயே கையை விரிக்கும். வேடிக்கை என்னவென்றால், கணினி எழும்போது அந்தக் கோப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதன்முதலில் கூடா கேட்கும் நிரல் எதுவோ, அது 'என்விடியா-மோட்ப்ரோப்' என்ற சின்ன உதவி நிரலைக் கூப்பிடும். அந்த உதவி நிரலுக்கு செட்யூஐடி பிட் உண்டு, யார் கூப்பிட்டாலும் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு ஓடும். அது மாட்யூலை ஏற்றி, கோப்பை உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதன்பின் ரீபூட் வரை எல்லோருக்கும் கதவு திறந்தே இருக்கும்.

இப்போது ஐந்தாம் தேதிக்குத் திரும்புங்கள். குழுவில் சேர்த்ததால் கார்டு வந்தது என்று நீங்களும் நம்பினீர்கள், நானும் நம்பினேன். இல்லை. சர்வீஸுக்கு வெளியே நின்று நீங்கள் ஓட்டிய சிஎல்இன்ஃபோதான் அந்தக் கோப்பை உருவாக்கியது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. என்விடியாவின் கோப்புகள் பல விநியோகங்களில் எல்லோருக்கும் திறந்தே இருப்பவை, அங்கே வீடியோ குழுவே தேவையில்லை. (ஏஎம்டி நண்பர் கவனிக்க: உங்களுக்குச் சொன்னது அப்படியே நிற்கிறது.)

நான் சொல்லிக்கொடுத்த சோதனையே நோயை மறைத்துவிட்டது. சோதனை வெற்றி, ரீபூட் ஆனதும் தோல்வி. இதைவிட மோசமான சோதனையை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒன்று மட்டும் புரியவில்லை. பாயிங்கே கூடா கேட்கும் நிரல்தானே? அது ஏன் உதவி நிரலைக் கூப்பிடவில்லை?

ஜூன் 8, காலை 6.50

கூப்பிட்டிருக்கும். கூப்பிட்டும் நடக்கவில்லை என்றால் யாரோ தடுத்திருக்க வேண்டும். உங்கள் ஓவர்ரைடு கோப்பை முழுவதுமாக இங்கே போடுங்கள், நான் சொன்ன தூங்கும் வரி மட்டும் இல்லை, எல்லாமும்.

கேள்வி கேட்டவர்: ஜூன் 8, இரவு 7.40

மூன்று வரிதான். ஒன்று தூங்கச் சொல்வது. ஒன்று 'பிரைவேட்டெம்ப்' என்பதை 'நோ' என்று மாற்றுவது. மூன்றாவது, 'நோநியூபிரிவிலேஜஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குவது. கடைசி இரண்டும் முதலிலிருந்தே இருக்கின்றன, பாயிங்க் நிறுவிய அன்றே போட்டேன்.

ஜூன் 8, இரவு 7.55

பிடிபட்டது.

'நோநியூபிரிவிலேஜஸ்' என்றால், இந்த சர்வீஸும் அது பெற்ற பிள்ளைகளும் இனி எந்த வழியிலும் கூடுதல் உரிமை பெறக் கூடாது என்று கர்னலுக்குச் சொல்வது. அதன்பின் செட்யூஐடி பிட் வெறும் அலங்காரம். பாயிங்க் உதவி நிரலைக் கூப்பிட்டது, உதவி நிரல் வந்தது, ஆனால் கையில் சாவி இல்லாமல் வந்தது. எத்தனை நிமிடம் தூங்க வைத்தாலும் சாவி வராது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

அந்த வரியை எங்கிருந்து எடுத்தீர்கள்? விநியோகத்தின் கோப்பில் அது இயல்பாக முடக்கப்பட்டு, பக்கத்தில் விளக்கக் குறிப்போடு அல்லவா இருக்கும்? அட்லஸ் (எல்எச்சி அட் ஹோம் திட்டத்தின் துகள் இயற்பியல் கணக்கு) வேலைகளுக்கு செட்யூஐடி தேவை, அட்லஸ் ஓட்டாதவர்கள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்று. யார் சொல்லிப் போட்டீர்கள்?

கேள்வி கேட்டவர்: ஜூன் 8, இரவு 8.20

நீங்கள் சொல்லித்தான், அண்ணா. 'பாயிங்கைப் பத்திரமாக ஓட்டுவது எப்படி' என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து அப்படியே எடுத்தேன்.

ஜூன் 8, இரவு 8.21

.

ஜூன் 8, இரவு 9.40

போய்ப் படித்துவிட்டு வந்தேன். நான்தான். "அட்லஸ் ஓட்டாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்றுகூட எழுதியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு என்ற பகுதி மட்டும் சரி.

திருத்தம் இரண்டு வகையில் செய்யலாம். அந்த வரியை எடுத்துவிடுவது ஒன்று. எடுக்க மனமில்லை என்றால், சர்வீஸ் தொடங்கும் முன் ரூட் உரிமையோடு என்விடியா-மோட்ப்ரோப்பை நாமே ஓட்டிவிடலாம். 'எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ' வரியில் கட்டளைப் பாதைக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டால், சிஸ்டம்டி அந்த ஒரு கட்டளையை மட்டும் முழு உரிமையோடு ஓட்டும். மோட்ப்ரோப்புக்கு 'யு' என்ற தெரிவு யுவிஎம்முக்கு, 'சி' என்பதோடு 0 முதல் கார்டுக்கு. இரண்டாவது வழிதான் எனக்குப் பிடிக்கிறது. வேலியும் இருக்கும், பயிரும் இருக்கும்.

தூங்கும் வரியை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை.

ஜூன் 8, இரவு 11.50

மேலே எழுதியபின் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. அதே குறிப்பு, அதே வரி என் கணினியிலும் இருக்கிறது. எனக்கு மட்டும் மூன்று வருடமாக எப்படி ஓடுகிறது? நாளை பார்க்கிறேன்.

கேள்வி கேட்டவர்: ஜூன் 9, காலை 7.10

இரண்டாவது வழி. மூன்று தடவை ரீபூட் செய்தேன், மூன்று தடவையும் வந்தது. ஆனால் புதுத் தொல்லை: வேலை தொடங்குகிறது, நான் மவுஸைத் தொட்டதும் நின்றுவிடுகிறது.

ஜூன் 9, காலை 7.30

அது தொல்லை இல்லை, இயல்பமைப்பு. 'கணினி பயன்பாட்டில் இருக்கும்போது ஜிபியு வேலையை நிறுத்து' என்ற தெரிவு முதலிலேயே இயங்கும்படிதான் வருகிறது. வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள். திரை கொஞ்சம் இழுத்து இழுத்துப் போகும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று: நிறுத்தினால் சிபியு வேலையை நினைவகத்தில் வைத்திருக்க முடியும், ஜிபியு வேலையை எப்போதும் வெளியே எடுத்துவிடுவார்கள். மறுபடி தொடங்கும்போது கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மவுஸை ஆட்டுகிறவர் கணினியில் பத்து நிமிட வேலை பகல் முழுக்க நடக்கும்.

உங்களுக்கு அது மவுஸைப் பார்க்கிறது என்பதே அந்த இரண்டாவது வரியின் தயவு. 'பிரைவேட்டெம்ப்' இயங்கினால் சர்வீஸுக்குத் தனி டெம்ப் கோப்பகம் கிடைக்கும், எக்ஸ் சர்வரின் (திரை, மவுஸ், விசைப்பலகையைக் கவனிக்கும் நிரல்) சாக்கெட் கண்ணில் படாது, நீங்கள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தாலும் ஆளில்லை என்று நினைத்து ஓடும். அதை 'நோ' என்று மாற்றச் சொன்னதும் என் குறிப்புதானே? ஒன்றாவது சரியாக இருக்கிறதே.

ஜூன் 10, இரவு 10.15

என் கணினியின் மர்மம் தீர்ந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கார்டின் வெப்பத்தையும் நிலையையும் குறித்து வைக்க ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி, கணினி எழும்போதே ஓடும்படி வைத்திருந்தேன். எழுதியதே மறந்துபோயிற்று. அதன் முதல் வரி: சிஎல்இன்ஃபோ. அதாவது பாயிங்க் முப்பது வினாடி தூங்கும் நேரத்தில் இந்த ஸ்கிரிப்ட் எழுந்து, சிஎல்இன்ஃபோவை ஓட்டி, யுவிஎம் கோப்பை உருவாக்கி வைத்துவிடும். பாயிங்க் எழுந்து பார்த்தால் எல்லாம் தயார்.

ஸ்கிரிப்டை முடக்கிவிட்டு ரீபூட் செய்தேன். 'நோ யூசபிள் ஜிபியூஸ் ஃபவுண்ட்.' அந்த வரியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆக ஆறாம் தேதி நான் சொன்ன "நேரப் பிரச்சினை, பந்தயம் கட்டலாம்" முழுக்க வாபஸ். நேரப் பிரச்சினை என்று ஒன்று உண்டுதான், டிரைவர் தாமதமாக ஏறும் கணினிகளில் பார்த்திருக்கிறார்கள். என் கணினியில் அது ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று வருடமாகத் தப்பான மருந்தைக் குடித்துக் குணமாகி இருக்கிறேன்.

மற்றொருவர் (ஏஎம்டி): ஜூன் 11, காலை 9.00

ரெண்டர் குழு, சர்வீஸில் சூழல் மாறி, ரீஸ்டார்ட். வந்துவிட்டது. உங்கள் இருவர் கதையைப் படித்துவிட்டு மூன்று தடவை ரீபூட் செய்தும் பார்த்தேன்.

ஜூன் 11, இரவு 8.30

நல்ல பழக்கம்.

மெனேஜர் இணையவில்லை என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். திரையில் தெரியும் பாயிங்க் மெனேஜர் வேறு, பின்னணியில் கணக்குப் போடும் கிளையன்ட் வேறு. இரண்டும் 31416 என்ற போர்ட்டில் பேசிக்கொள்கின்றன. எண்ணைப் பார்த்தாலே தெரியும், பையின் மதிப்பு. கடவுச்சொல் 'ஜியுஐ_ஆர்பிசி_ஆத்' என்ற கோப்பில் இருக்கும். அதைப் படிக்க உங்கள் பயனர் பாயிங்க் குழுவில் இருக்க வேண்டும். சேர்த்தபின் வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

இரண்டு கார்டு வைத்திருப்பவர்களுக்கு: வெவ்வேறு மாடல் என்றால் பாயிங்க் வலுவானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை 'நாட் யூஸ்டு' என்று ஒதுக்கிவிடும். பழுதில்லை. சிசி_கான்ஃபிக் கோப்பில் 'யூஸ்_ஆல்_ஜிபியூஸ்' 1 என்று எழுத வேண்டும்.

கேள்வி கேட்டவர்: ஜூன் 14, இரவு 9.00

ஒரே சமயத்தில் இரண்டு வேலை ஓட்டலாம் என்கிறார்களே? வேகத்தையும் கொஞ்சம் ஏற்றலாமா?

ஜூன் 14, இரவு 10.30

இரண்டு ஓட்டலாம். 'ஆப்_கான்ஃபிக்' கோப்பில் ஜிபியு பயன்பாட்டை 0.5 என்று வைத்தால் ஒரு கார்டில் இரண்டு அமரும். ஒரு வேலை ஓடும்போதே கார்டு நிரம்பியிருந்தால் இலாபமில்லை. கார்டின் நினைவகம் இரண்டுக்கும் போதுமா என்று முதலில் பாருங்கள்.

வேகத்தை ஏற்றாதீர்கள். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதிலும் அனுபவஸ்தன் நான்தான்.

போன கோடையில் கார்டின் சூட்டைக் குறைக்க ஒரு உத்தி செய்தேன். மின்வரம்பைக் குறைத்தேன், அதுவரை நல்லது. அப்புறம் இழந்த வேகத்தை மீட்கிறேன் என்று கோர் வேகத்துக்கு ஒரு தள்ளு கொடுத்தேன். கேம் ஓட்டிப் பார்த்தேன், மணிக்கணக்கில் அசையவில்லை. வெப்பம் பத்து டிகிரி குறைவு. மார்தட்டிக்கொண்டேன். கர்னல் லாகில் 'எக்ஸ்ஐடி' பிழை ஒன்றுகூட இல்லை. வேலைகள் எல்லாம் பிழையில்லாமல் முடிந்தன. இரண்டு வாரம் கழித்துத்தான் என் கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். 'இன்வேலிட்' (செல்லாத விடைகள்) என்ற தலைப்பின் கீழ் இருபத்திமூன்று.

கேமில் ஒரு பிக்சல் தப்பினால் யாருக்கும் தெரியாது, அடுத்த நொடியில் அறுபது படம் வந்துவிடும். இங்கே கோடிக்கணக்கான கணக்குகளில் ஒன்று தப்பினாலும் விடை தப்பு. கார்டு பிழை என்று சொல்லாது. தப்பான விடையை நம்பிக்கையோடு எழுதி அனுப்பும். அதனால்தான் ஒரே வேலையை இரண்டு பேரிடம் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது ஆள். என்னுடைய இருபத்திமூன்றுக்கும் முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் கணினியில் மறுபடி கணக்குப் போட்டிருக்கிறார், தன் மின்சாரத்தில். நான் மிச்சம் பிடித்த மின்சாரத்தைப் போல் சில மடங்கு.

தள்ளை எடுத்தேன். மின்வரம்பை மட்டும் வைத்துக்கொண்டேன். வேகம் சற்றுக் குறைவு, இன்வேலிட் பூஜ்யம்.

கார்டு தெரியவில்லை என்றால் லாக் சொல்லிவிடும். இதை லாக் சொல்லாது.

ஜூன் 15, காலை 7.00

நேற்று எழுதியது கொஞ்சம் பிரசங்கம் மாதிரி ஆகிவிட்டது. போகட்டும்.

ஏஎம்டி நண்பர், பழைய கார்டு ஒன்றைத் தூக்கிப் போடவா என்று கேட்டிருந்தார். என்ன கணக்கு ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரட்டைத் துல்லியம் (எண்களை 32 பிட்டுக்குப் பதில் 64 பிட்டில் வைத்துக் கணக்கிடுவது) கேட்கும் வேலைகளில் பழசு சில நேரம் ஆச்சரியப்படுத்தும். ரேடியான் எச்டி 7970 வந்தது 2012 தொடக்கத்தில். இரட்டைத் துல்லியத்தில் அதன் வேகம் ஒற்றைத் துல்லியத்தில் நான்கில் ஒன்று, ஏறத்தாழ 0.95 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு). 2022 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 ஒற்றைத் துல்லியத்தில் 80 டெராஃப்ளாப்பைத் தாண்டும். இரட்டைத் துல்லியத்தில் அறுபத்துநான்கில் ஒன்று, ஏறத்தாழ 1.3. பத்து வருட இடைவெளிக்கு இவ்வளவுதான் வித்தியாசம். பால்வெளி மண்டலத்தை ஆராயும் மில்கிவே அட் ஹோம் திட்டத்தில் அந்தப் பழைய கார்டுகள் ராஜ்ஜியம் நடத்தியது இதனால்தான். அங்கே ஜிபியு வேலைகளை 2023 இல் நிறுத்திவிட்டார்கள், ராஜ்ஜியமும் போயிற்று. மற்ற வேலைகளுக்குப் பழசு மின்சாரத்தைத்தான் தின்னும்.

கேள்வி கேட்டவர்: ஜூன் 15, இரவு 9.20

இந்தத் துறையில் எப்போதிலிருந்து இருக்கிறீர்கள்?

ஜூன் 15, இரவு 10.45

செட்டி அட் ஹோம், வேற்றுலகவாசிகளின் சமிக்ஞையைத் தேடிய திட்டம். 1999 மே மாதம் அது தொடங்கியது. நான் சேர்ந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. அப்போது கார்டும் கிடையாது, பாயிங்க்கும் கிடையாது. ஸ்கிரீன்சேவர் மாதிரி ஒரு வரைபடம் ஓடும், அதை உட்கார்ந்து பார்ப்போம். ஒரு வேலை முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்ததில் ஒரு துண்டு என் மேசை மேல் இருக்கிறது என்பதே போதையாக இருந்தது. 2020 மார்ச் 31 அன்று புது வேலை அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே வருடம் டிசம்பரில் அரெசிபோவும் இடிந்து விழுந்தது.

வேற்றுலகவாசி யாரும் கிடைக்கவில்லை. ஆனால் ஐன்ஸ்டைன் அட் ஹோமில் தன்னார்வலர்களின் கணினிகள் 2010 இல் ஒரு பல்சாரை (வேகமாகச் சுழன்று துடிப்புகள் அனுப்பும் நட்சத்திர எச்சம்) கண்டுபிடித்தன, அதுவும் அரெசிபோ தரவிலிருந்து. வீட்டில் சும்மா ஓடிக்கொண்டிருந்த கணினிகள். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் அங்கே மாறினேன்.

ஜூன் 16, காலை 8.10

பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன். "கண்ணை மூடிக்கொண்டு" என்பதை அடித்து, என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு வரவும் என்று சேர்த்திருக்கிறேன். நான்காம் தேதிச் சோதனையையும் திருத்த வேண்டும். இனி இப்படி: கணினியை ரீபூட் செய்யுங்கள். எதையும் திறக்காதீர்கள், சிஎல்இன்ஃபோவை ஓட்டாதீர்கள். டெவ் கோப்பகத்தில் யுவிஎம் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பார்ப்பதால் அது உருவாகாது. அப்புறம் பாயிங்கின் முதல் முப்பது வரி. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

கேள்வி கேட்டவர்: ஜூன் 22, இரவு 8.00

சரிபார்க்கப்பட்டவை 61. இன்வேலிட் பூஜ்யம். வேகத்தை ஏற்றவில்லை.

நான்காம் தேதி சொன்ன முடிவையும் முறையாக வாபஸ் வாங்குகிறேன். பாயிங்கை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒழுங்காக எழுதாதது உங்கள் குறிப்பு.

ஜூன் 22, இரவு 8.04

சரி.